விரிசலைத் தூர்வாரும் ஊர்

ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிப் பக்கம் போகும் பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி, கரிசல் காட்டுக்குள் மூன்று மைல் நடக்க வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பெயரைப் போட வேண்டாம் என்று அங்குள்ளவர்கள் கேட்டுக்கொண்டார்கள். காரணத்தை அதற்குரிய இடத்தில் சொல்கிறேன்.

நான் ஈப்போவில், ரோடும் பாலமும் கட்டுகிற இலாகாவில் ஓவர்சியர். நாடு மலேசியா ஆகிப் பல வருடம் ஆனாலும் கரிசல் காட்டில் அது இன்னும் மலாயாதான். இருபத்திரண்டு வருடமாக என் வேலை சந்தேகப்படுவது. கான்டிராக்டர் கொண்டுவரும் மணலைச் சந்தேகப்பட வேண்டும். நேற்று நானே பார்த்துச் சரி என்று சொன்ன தூணை இன்று காலை மறுபடி சந்தேகப்பட வேண்டும். வீட்டுக்கு வந்தாலும் இந்தக் குணம் போகவில்லை. புதுச் செருப்பைக் கடைக்காரர் கண் முன்னாலேயே மடக்கி ஒடித்துப் பார்க்கிற ஒரே மனிதர் என் புருஷன்தான் என்று என் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் எனக்கு ஒரு கடிதம் வந்தது. அந்த ஊர்ப் பங்குச் சாமியார் டைப் அடித்து அனுப்பியிருந்தார். என் தாத்தா கொத்தனார். அவர் கட்டிய, தேவதூதரான மிக்கேல் சம்மனசின் கோயில் சுவர் பிளந்து நிற்கிறது, பூசை நேரத்தில் ஜனங்கள் தலையில் விழுந்தால் யார் பதில் சொல்வது, அதை இடித்துவிட்டு மெயின் ரோட்டோரமாகக் கான்கிரீட்டில் புதுக் கோயில் எழுப்ப நினைக்கிறேன், ஊரார் என் பேச்சைக் கேட்பதாக இல்லை, கட்டினவரின் பேரனும் ஓவர்சியருமான நீங்கள் வந்து பார்த்து எழுதிக் கொடுத்தால் இரு தரப்பும் கட்டுப்படுகிறோம் என்பது சாரம். அதே உறைக்குள் நான்காக மடித்த ஒரு துண்டுக் காகிதமும் இருந்தது. பென்சில் எழுத்து. "கண்ணால் வந்து பாருங்கள். வருவதானால் மிக்கேல் சம்மனசு திருநாளுக்கு முந்தி வாருங்கள். கோயில்பிள்ளை சந்தியாகு." மணியடித்துக் கோயிலைப் பார்த்துக்கொள்கிற கோயில்பிள்ளை, சாமியாருக்குத் தெரியாமல் இதை நுழைத்திருக்கிறார் என்று அப்போதே முடிவு கட்டினேன். திருநாளுக்கு முந்தி ஏன்? பிந்தினால் என்ன தெரிந்துவிடும்?

அதற்கு முந்தின வருடம்தான் என் அப்பா இறந்திருந்தார். பதினெட்டு வயதில் கப்பல் ஏறியவர் திரும்பிப் போகவே இல்லை. ஆனாலும் சாகும்வரை "நம்ம கோயில், நம்ம கோயில்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் அதைப் பார்த்ததில்லை. அந்த ஒரு காரணத்துக்காகக் கிளம்பினேன்.

முதல் நாள் அருப்புக்கோட்டை. தெருத் தெருவாகத் தறிச் சத்தம். பஸ் ஸ்டாண்டு அருகே ஒருவர் பித்தளைத் தவலையில் பருத்திப்பால் விற்றார். பருத்திக் கொட்டையை ஆட்டிப் பாலெடுத்துக் கருப்பட்டியும் சுக்கும் போட்டுக் காய்ச்சியது என்றார். பருத்திக் கொட்டை மாட்டுக்குப் போடுவது என்றுதான் நான் கேள்விப்பட்டிருந்தேன். முகர்ந்து பார்த்தேன், டம்ளரைத் திருப்பி அடியைப் பார்த்தேன். "குடிங்க, மாடெல்லாம் நல்லாத்தான இருக்கு" என்றார் அவர். குடித்தேன். இரண்டாவது டம்ளரும் குடித்தேன்.

பஸ்ஸில் பக்கத்தில் வெள்ளைத் தொப்பி வைத்த ஒரு ஜவுளி வியாபாரி உட்கார்ந்தார். "ஈப்போவா தம்பி?" என்றார். எப்படித் தெரியும் என்று பெட்டியை இறுக்கிப் பிடித்தேன். "பொட்டியில ஒட்டிருக்கே" என்று சிரித்தார். பினாங்கில் பத்து வருடம் கடை வைத்திருந்தவராம். அந்த ஊர்த் தேங்காய்ப்பால் சோறு, நாசி லெமாக், ஞாபகம் வந்துவிட்டது என்று கண்ணை மூடிக்கொண்டார். நான் போகிற இடத்தைச் சொன்னதும் கண்ணைத் திறந்தார்.

"விரிசல் கோயிலுக்கா? மழைக்குப் பொறகு போய்ப் பாருங்க தம்பி. இப்பப் போனா பயந்துருவீக."

கோயில்பிள்ளை முந்தி வரச் சொல்கிறார், இவர் பிந்திப் போகச் சொல்கிறார். ஒரு கட்டிடத்தைப் பார்க்க இத்தனை பேர் நாள் குறித்துக் கொடுத்தால் அதில் ஏதோ இருக்கிறது என்பது என் அனுபவம்.

வழியில் பஸ் கொதித்து நின்றது. கண்டக்டர் வாளியோடு ஒரு கிணற்றுக்கு ஓட, எல்லோரும் இறங்கித் தண்ணீர் குடித்தார்கள். நான் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தேன். பஸ்ஸைத் தள்ள வேண்டும் என்றார்கள், தள்ளினார்கள். பின்னாலிருந்து ஒரு குரல், "ஏலே, மலாயா மூடை ஒண்ணு உள்ளயே இருக்குடோய், அதான் இந்தக் கனம் கனக்கு" என்றது. ஈப்போவில் பஸ் நேரத்துக்கு வரும், நேரத்துக்குப் போகும், யாரும் யாரோடும் பேச மாட்டார்கள். அன்று ஈப்போ மீது எனக்கு மிகுந்த பாசம் ஏற்பட்டது.

இறங்கிய இடத்தில் குடையோடு ஒருவர் நின்றார். அறுபது வயதிருக்கும், ஒடிசல். "வாங்க மாப்ள" என்று பெட்டியை வாங்கினார். அவர்தான் சந்தியாகு. நான் வருகிற நாளை யாருக்கும் எழுதவில்லை. எப்படி வந்து நிற்கிறீர்கள் என்று கேட்டேன்.

"மூணு நாளா எல்லா பஸ்ஸுக்கும் வாரேன்" என்றார். "உங்கப்பா எனக்கு மச்சான் முறை. வராம இருக்க முடியுமா?"

மூன்று நாள் வெயிலில் ஒருவர் சும்மா நிற்பாரா? பெட்டியின் மேல் ஒரு கண் வைத்தபடி பின்னால் நடந்தேன்.

தரை கறுப்பாக வெடித்துக் கிடந்தது. ஈப்போவில் மண்ணை மிதித்தால் ஈரம் கசியும். இங்கே வெடிப்புகளில் செருப்பின் நுனி மாட்டிக்கொண்டது. புரட்டாசி முடிவதற்குள் மழை தலைகாட்டிவிடும் என்று சொல்லிக்கொண்டே வந்தார் சந்தியாகு. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

மறுநாள் காலையில் கோயிலைப் பார்த்தேன். சிறியதுதான், முந்நூறு பேர் நெருக்கிப் பாயில் உட்காரலாம். கல்லும் சுண்ணாம்பும். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்த தண்ணீரில் சாந்து குழைத்துப் பூசினார்களாம். உட்சுவர் தடவினால் கன்னம் போல வழவழவென்றிருந்தது. ஒரு வெள்ளைக்காரச் சாமியார் படம் வரைந்து கொடுத்தார் என்றும், என் தாத்தா அதை மடித்து மடியில் கட்டிக்கொண்டு தன் இஷ்டத்துக்குக் கட்டினார் என்றும் சந்தியாகு சொன்னார். பீடத்தின் மேலே மிக்கேல் சம்மனசு, காலடியில் பசாசு. பசாசுக்கு முறுக்கு மீசை வைத்திருந்தார்கள். வரி வசூலிக்க வந்த யாரோ ஓர் அதிகாரியின் சாயல் என்று ஊரில் பேச்சு.

தாத்தாவைப் பற்றிப் பெருமையாக இருந்தது. அது கிழக்குச் சுவருக்கு வரும்வரைதான். கூரை ஓரத்திலிருந்து தரை வரை ஒரே பிளவு. நெஞ்சு உயரத்தில் என் கை மணிக்கட்டுவரை உள்ளே போனது. அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிந்தது. ஈப்போவில் இப்படி ஒரு சுவரைப் பார்த்தால் அரை மணி நேரத்தில் கயிறு கட்டி ஆட்களை விலக்கிவிடுவேன். விளிம்பைத் தடவினேன். உளி பட்ட தடங்கள். சுவர் தானாக விரிந்தால் உளித்தடம் எங்கிருந்து வரும்?

கட்டிடத்தைச் சுற்றி வந்தேன். வடக்கு மூலையில் பருத்திமாரை, அதாவது காய்ந்த பருத்திச் செடியை, கட்டுக் கட்டாகக் கூரை உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். அடுப்பெரிக்கிற மாரைக் கோயில் சுவரில் ஏன் சாத்த வேண்டும்? அந்தப் பக்கம் ஒரு எட்டு வைத்தேன். "மாப்ள, காப்பி ஆறுது" என்று சந்தியாகுவின் மனைவி மதலேன் அத்தை கூப்பிட்டார். சாயங்காலம் மறுபடி போனேன். மறுபடியும் காப்பி. ஒரு நாளில் அத்தனை காப்பி நான் குடித்ததே இல்லை. தெருவில் நடந்தால் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். சாப்பாட்டில் எல்லோருக்கும் கம்மஞ்சோறும் கருவாட்டுக் குழம்பும். எனக்கு மட்டும் நெல்லுச்சோறும் இரண்டு முட்டையும். காரியம் ஆக வேண்டியவரைத்தான் இப்படிக் கவனிப்பார்கள்.

மூன்றாம் நாள் விடிந்த கையோடு கோயிலுக்குப் போனேன். கிழக்குச் சுவரில் சந்தியாகு. கையில் சின்னக் கடப்பாரை. விரிசலுக்குள் விட்டு நெம்பிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து கல் ஒன்று புரண்டு விழுந்தது.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. எல்லாம் விளங்கிவிட்டதாகவே நினைத்தேன். வேண்டாம் என்பதெல்லாம் வெளிப்பேச்சு, புதுக் கோயில் வேண்டும் என்று இவர்களே சுவரைப் பிளக்கிறார்கள். பழி மட்டும் சாமியாருக்கு. நேரே வடக்கு மூலைக்குப் போய்ப் பருத்திமார்க் கட்டுகளை இழுத்துத் தள்ளினேன். மார் கையைக் கீறியது. உள்ளே என் தாத்தாவின் கல் சுவர் இல்லை. ஆள் உயரத்துக்கு மேல் இடிந்து, பச்சை மண்ணும் உடைகல்லும் வைத்து ஒட்டுப்போட்டு அடைத்த சுவர் இருந்தது.

"என் தாத்தா கட்டினதை இடிச்சு, மாரைப் போட்டு மறைச்சு, எனக்கு முட்டை அவிச்சுக் குடுத்துக் கையெழுத்து வாங்கப் பாக்குறீங்களா?" என்று கத்தினேன்.

சந்தியாகு கடப்பாரையைக் கீழே வைத்தார். சத்தம் கேட்டு ஓடிவந்த மதலேன் அத்தைதான் பேசினார். "சொல்லிருங்க. கள்ளப் பேரு வாங்குறதுக்குச் சொல்லிறலாம்."

"சொல்லக் கூடாதுன்னு ஊரு கூடிப் பேசிருக்கு."

"ஊரா இப்பத் திட்டு வாங்குது? நீங்கதான வாங்குறீக."

சந்தியாகு கோயிலுக்குள் போய் ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்து என் முன் திறந்தார். உள்ளே ஓலைகள். ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறன்று மந்திரிக்கிற ஓலையில் முடைந்த சிலுவைகள், கைவிரல் கனத்துக்கு முடையப்பட்டவை. அத்தனையும் காகிதம் போலத் தட்டையாக நசுங்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் ஆணியால் கீறிய ஒரு வீட்டுப் பெயர்.

"கரிசல் மண்ணு மாப்ள இது" என்றார். "வெயிலுக்குச் சுருங்கும், செவுரு தெறக்கும். மழை பேஞ்சா மண்ணு உப்பும், செவுரு மூடிக்கிரும். கட்டின நாள்ல இருந்து இப்பிடித்தான். தெறந்து கெடக்கையில கல்லு, மண்ணு, கொளவிக் கூடெல்லாம் உள்ள சேந்துரும். அத அப்பிடியே விட்டா மூட முடியாம செவுரு வேற பக்கம் வெடிக்கும். அதான் மழைக்கு முந்தி, திருநாளுக்கு மொத நா, கண்மாயத் தூரு வாருற மாதிரி ஊரே சேந்து இதத் தூரு வாருவோம். நான் ரெண்டு நாளைக்கு முந்தியே பெரிய கல்ல மட்டும் நெம்பி எடுப்பேன். வாரி முடிச்சதும், முறை வச்சு, ஒரு வீட்டு ஓலைய உள்ள வைப்போம். அடுத்த பங்குனியில தெறக்கையில எடுப்போம். நசுங்கியிருந்தா மூடுச்சுன்னு அர்த்தம்."

கதை நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிற கதைகளை நான் நம்புவதில்லை. ஓலையை அம்மிக்கல்லின் அடியில் வைத்தாலும் நசுங்கும். அப்போதுதான் பெட்டியின் அடியில், துணியில் சுற்றியிருந்த ஒன்றைக் கண்டேன். எடுக்கப் போனேன். அவர் கை வேகமாக நீண்டது, பிறகு தானாகவே பின்வாங்கியது.

அதுவும் ஓலைச் சிலுவைதான். ஆனால் நசுங்கவில்லை. முடைந்த அன்று இருந்தபடியே பருமனாக இருந்தது. கீறியிருந்த பெயர் ராயப்பன். அது என் அப்பாவின் பெயர்.

"யாரோ ஊருக்கு வந்துட்டுப் போனவுக, கோயிலு பொளந்து கெடக்குன்னு மலாயாவுல போயிச் சொல்லிட்டாக" என்றார் சந்தியாகு. "மச்சான் தாங்கலை. அருப்புக்கோட்டைக் கடைக்கு எழுதி, சிமிண்டு மூடையா வண்டியில அனுப்பிட்டாரு. அவ்வளவு தூரத்துல இருந்து அழுதுக்கிட்டு அனுப்புனத எப்பிடி வேண்டாங்கிறது? எங்களுக்கு மனசு வரலை. விரிசல்ல வச்சுப் பூசுனோம். உச்சியில மட்டும் முழங்கை அளவு எடம் மிஞ்சுச்சு. அந்த வருச ஓலைய உங்கப்பா பேருல அங்க வச்சோம். மழை வந்துச்சு. சிமிண்டு மூட விடலை. வடக்கு மூலை வெடிச்சு விழுந்துச்சு. நல்ல வேளை, அன்னைக்குப் பூசை இல்ல. அப்பறம் கோடை பூராவும் உளி வச்சுச் சிமிண்டக் கொத்தி எடுத்தோம்."

நான் தடவிய உளித்தடங்கள் அவைதான்.

"அப்பாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"எழுதுனோம். கோயிலு நல்லா இருக்கு, உங்க சிமிண்டு நல்லா ஒழைக்குதுன்னு எழுதுனோம்."

அந்தக் கடிதத்தை எனக்குத் தெரியும். அப்பா அதை ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருந்தார். வருடா வருடம் மிக்கேல் சம்மனசு திருநாளன்று எங்களை உட்காரவைத்து உரக்கப் படிப்பார். "உங்க சிமிண்டு நல்லா ஒழைக்குது" என்ற இடத்தில் ஒருமுறை நிறுத்தி எங்கள் முகத்தைப் பார்ப்பார். நான் ஓவர்சியர் ஆனதே அந்த வரியால்தான் என்றுகூடச் சொல்வார், அது வருவதற்குப் பல வருடம் முன்பே நான் வேலையில் சேர்ந்திருந்தாலும். அவரைப் புதைத்தபோது அந்தக் கடிதத்தையும் கூடவே வைத்தோம்.

ஊரே சேர்ந்து மறைத்தது இதைத்தான். என் அப்பாவிடம் மறைத்தார்கள், இப்போது என்னிடமும் மறைக்கப் பார்த்தார்கள். நான் கோயில் படியில் உட்கார்ந்து அழுதேன். வெட்கத்தில் வந்த அழுகை அது. சந்தியாகு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஊருக்குப் போயி எழுதுனா ஊர்ப் பேரப் போட்டுறாதீக மாப்ள" என்றார். "எரக்கப்பட்டு வேற யாராச்சும் சிமிண்டு அனுப்பிருவாக."

நான்காம் நாள் தூர்வாரினார்கள். வீட்டுக்கு ஓர் ஆள். கல்லைக் குச்சியால் தள்ளி எடுத்து, குளவிக் கூட்டைச் சுரண்டி, கடைசியில் கோழி இறகால் தூசி தட்டினார்கள். ஒரு பாம்புச் சட்டையும் வந்தது. நானும் ஒரு முழ உயரத்துக்குச் சுத்தம் செய்தேன். அந்த வருடத்து வீட்டு ஓலையை வைத்த பிறகு, சந்தியாகு இன்னொன்றை எடுத்தார். அப்பாவின் பெயர் கீறிய அந்தப் பருமனான சிலுவை. உடைந்துவிடாமல் இருக்க முந்தின நாளே தண்ணீரில் ஊறப்போட்டிருந்தார். அவர் கேட்காமலே நான் அதை வாங்கி உள்ளே வைத்தேன்.

அன்று மோட்டார் சைக்கிளில் வந்த பங்குச் சாமியார் இளைஞர், நல்ல மனிதர். பயம்தான் அவருக்கு. "நீங்களே சொல்லுங்கள், இந்தச் சுவரின் கீழே பிள்ளைகளை உட்கார வைக்கலாமா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் தப்பில்லை. கோயில் மெயின் ரோட்டுக்குப் போய்விட்டால் வயதானவர்கள் மூன்று மைல் நடந்து பூசைக்கு வர மாட்டார்கள் என்று சந்தியாகு சொன்னதிலும் தப்பில்லை. எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். என் அப்பாவுக்காக அழுதேனே தவிர, எனக்குள் இருக்கும் ஓவர்சியர் இன்னும் அழவில்லை. சுவர் மூடியதை அவன் கண்ணால் பார்க்கவில்லை.

"மழை முடியும்வரை பூசையை வெளியே பந்தலில் வையுங்கள். பங்குனியில் ஓலையை எடுத்ததும் எனக்கு அனுப்புங்கள், சித்திரையில் எழுதுகிறேன். அதுவரை யாரும் கை வைக்க வேண்டாம்" என்றேன். சாமியார் சம்மதித்தார். ஊரார் முகத்தில் சந்தோஷம் இல்லை. சந்தியாகு மட்டும் தலையாட்டினார்.

எங்கள் இலாகாவில் விரிசலின் குறுக்கே கண்ணாடித் துண்டு ஒட்டுவோம். சுவர் நகர்ந்தால் உடையும். என்னிடம் கண்ணாடி இல்லை. ஜலதோஷத்துக்கு நெற்றியில் தடவும் தைல டப்பா சட்டைப் பையில் இருந்தது. கட்டை விரல் அகலத் தகர டப்பா. புறப்படுகிற அன்று காலை, எல்லோரும் பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, கும்பிடுவது போலச் சுவரோரம் நின்று, அதை விரிசலுக்குள் ஆழமாக, குறுக்கே நிற்கும்படி செருகிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. மதலேன் அத்தை வழிக்கு அவித்த முட்டை கட்டிக் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்ட கையால்தான் அந்த வேலையையும் செய்தேன் என்று நினைக்க இப்போதும் கூசுகிறது.

அடுத்த வருடம் சித்திரை கடைசியில் ஈப்போவுக்கு ஒரு சின்னப் பார்சல் வந்தது. துணியைப் பிரித்தேன். முதலில் அப்பாவின் ஓலை. தட்டையாக, பழைய கடிதம் போல இருந்தது. பெயர் மட்டும் அழியவில்லை. அதன் கீழே காகிதத்தில் பொதிந்து என் தைல டப்பா. டப்பா என்று சொல்ல முடியாது. இரண்டு தகடும் ஒன்றாக ஒட்டிப் போயிருந்தன. கூடவே பென்சில் எழுத்தில் ஒரு துண்டுக் காகிதம்.

"மாப்பிள்ளைக்கு ஸ்தோத்திரம். ஓலை நசுங்கிவிட்டது. இந்த டப்பா உள்ளே கிடந்தது. மறந்து விட்டுவிட்டீர்கள் போலிருக்கிறது. எடுக்கும்போதே தைலம் இல்லை. நாங்கள் யாரும் எடுக்கவில்லை. நம்பவும். சந்தியாகு."

அன்றைக்கே உட்கார்ந்து சாமியாருக்கு எழுதினேன். கோயில் நல்லா இருக்கு என்று முதல் வரி எழுதினேன்.